கணித இதழ்களில் சமூக அறிவியல் வாதங்கள்

கணித ஆய்விதழ்களும் புள்ளியியல் ஆய்விதழ்களும் தேற்றங்களையும் முறைகளையும் வெளியிடுவதற்காகத் தோன்றியவை. ஆயினும் சாதி, பாலினம், அரசியல் நிலைத்தன்மை, பொருளாதாரத் திட்டம் போன்ற மனித சமூகம் பற்றிய வாதங்களும் அவற்றில் அவ்வப்போது இடம்பெற்று வந்துள்ளன. இத்தகைய கட்டுரைகளைக் கணித இதழ் வெளியிடலாமா, வெளியிட்டால் அவற்றை யார் சரிபார்ப்பது, வெளியான பின் நீக்கலாமா என்னும் கேள்விகளைச் சுற்றி எழுந்த விவாதங்களே இக்கட்டுரையின் பொருள்.

அண்மைக் காலத்தில் பெரிதும் பேசப்பட்டது 2017ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த தியோடர் ஹில் கட்டுரை விவகாரம். ஆனால் இந்தியாவில் இதே கேள்வி அதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே எழுந்துவிட்டது. 1933இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட சங்க்யா என்னும் புள்ளியியல் இதழில் சாதிகளின் உடல் அளவுகளும், பின்னர் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் கணக்குகளும் வெளிவந்தன. அந்தக் கணக்குகளில் ஒன்றில் நம் ஊர்க் கைத்தறியும் ஓர் எண்ணாக இருந்தது.

கணித இதழ் எதைச் சரிபார்க்கிறது?

ஆய்விதழுக்கு வரும் கட்டுரையை ஆசிரியர் குழு அதே துறை அறிந்த ஓரிருவரிடம் அனுப்பி மதிப்பீடு கேட்கும். இதற்குச் சக மதிப்பாய்வு என்று பெயர். கணிதக் கட்டுரையை மதிப்பிடுபவர் முக்கியமாகப் பார்ப்பது ஒன்றே: கொடுக்கப்பட்ட எடுகோள்களிலிருந்து முடிவு பிழையின்றிப் பெறப்படுகிறதா? அதாவது 'இவை உண்மையானால், இது உண்மை' என்ற தொடர்பு சரியா என்பதே கேள்வி. எடுகோள்கள் உலக நடப்புக்குப் பொருந்துகின்றனவா என்பது தூய கணிதத்தில் பெரும்பாலும் எழாத கேள்வி. முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டும்போது எந்த மரத்தட்டியிலும் சரியான முக்கோணம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

மனிதர்களைப் பற்றிய கட்டுரையில் நிலைமை தலைகீழானது. அங்கே கணக்கு பெரும்பாலும் எளியது. கடினமான பகுதி எடுகோள்தான். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

ஒரு தறிக்கூடத்தில் இரு நெசவாளர்கள் ஆளுக்கு ஐந்து பட்டுச் சேலை நெய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சேலைக்கும் ஆன நாள்கள்:

முதலாமவர்: 14, 15, 15, 15, 16
இரண்டாமவர்: 9, 12, 15, 18, 21

இருவருக்கும் சராசரி 15 நாள். ஆனால் பரவல் வேறு. பள்ளிப் பாடத்தில் வரும் திட்டவிலக்கத்தைக் கணக்கிட்டால் முதலாமவருக்கு ஒரு நாளுக்கும் குறைவு. இரண்டாமவருக்கு நான்கு நாளுக்கும் மேல். இப்போது ஒரு முதலாளி, 10 நாளுக்குள் முடிந்த சேலைகளை மட்டும் தேர்ந்தெடுத்தால் இரண்டாமவரின் ஒரு சேலை தேறும். முதலாமவரின் ஒன்றும் தேறாது. இன்னொரு முதலாளி, 18 நாளைத் தாண்டாத சேலைகளையெல்லாம் ஏற்றுக்கொண்டால் முதலாமவரின் ஐந்தும் தேறும். இரண்டாமவரின் நான்குதான் தேறும். கடுமையாகத் தேர்ந்தெடுத்தால் பரவல் அதிகம் உள்ளவருக்கு ஆதாயம். தாராளமாக ஏற்றுக்கொண்டால் பரவல் குறைந்தவருக்கு ஆதாயம். இது கணிதம். இதில் யாருக்கும் ஐயம் வராது.

ஆனால் இரண்டாமவரின் நாள்கள் ஏன் இப்படி ஏறி இறங்குகின்றன? அவருடைய கைத்திறன் நிலையற்றது என்று ஒருவர் சொல்லலாம். மழைக்காலத்தில் தெருவில் பாவு நீட்ட முடியாமல் போயிருக்கலாம். வீட்டில் யாரேனும் நோயுற்றிருக்கலாம். ஐந்து எண்களில் இதற்கு விடை இல்லை. தறிக்கூடத்துக்குப் போய்க் கேட்டால்தான் தெரியும். கணித இதழின் மதிப்பீட்டாளர் எண்களைச் சரிபார்ப்பார். தறிக்கூடத்துக்குப் போய்க் கேட்பது அவருடைய பயிற்சியிலும் பொறுப்பிலும் இல்லை. கீழே வரும் விவகாரங்கள் அனைத்திலும் சிக்கல் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

மூக்கு அளவும் சாதி வரிசையும்

ஆங்கிலேய அதிகாரி எச். எச். ரிஸ்லி 1880களில் வங்காளத்தில் பல சாதிகள், பழங்குடிகளைச் சேர்ந்தவர்களின் தலை, மூக்கு அளவுகளைச் சேகரித்தார். மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது மூக்குக் குறியெண். ஒரு சாதியின் சமூக நிலை உயர உயர அதன் சராசரி மூக்குக் குறியெண் குறைகிறது என்று ரிஸ்லி முடிவு கூறினார். சாதி என்பது இனக்கலப்பின் தடயம் என்பது அவர் கருத்து. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அவரே ஆணையர். அதில் சாதிகளைச் சமூக மதிப்பின்படி வரிசைப்படுத்தும் முயற்சியும் நடந்தது. தங்கள் இடத்தை உயர்த்தக் கோரிப் பல சாதிச் சங்கங்கள் விண்ணப்பங்கள் அனுப்பின. சென்னை மாகாணத்தில் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனும் அளவுகோலோடு ஊர் ஊராகச் சென்று மக்களை அளந்தார். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய அவருடைய ஏழு தொகுதி நூல் 1909இல் வெளிவந்தது.

ரிஸ்லியின் வகுத்தல் கணக்கில் எதிர்ப்புக்கு இடமில்லை. கேள்வி வேறு. யாரை அளந்தார்கள், எத்தனை பேரை, ஒரு வட்டாரத்து விதி இன்னொரு வட்டாரத்துக்குப் பொருந்துமா? சமூகவியலாளர் ஜி. எஸ். குர்யே 1932இல் வெளியிட்ட நூலில் இந்த அளவுகளை மீண்டும் ஆராய்ந்து, வட இந்தியாவின் ஒரு பகுதிக்கு வெளியே உடல் அமைப்பின் வரிசையும் சாதி வரிசையும் ஒத்துப்போகவில்லை என்று காட்டினார். தீண்டப்படாதவர்கள் வேறு இனத்தவர் என்ற கூற்றை மறுக்க, அம்பேத்கர் 1948இல் வெளியான தம் நூலில் குர்யேயின் அளவுகளைப் பயன்படுத்தினார்.

இந்தப் பின்னணியில்தான் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் வருகிறார். இயற்பியல் பேராசிரியரான அவர் 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தையும் 1933இல் சங்க்யா இதழையும் தொடங்கினார். இதழின் முதல் தொகுதியிலேயே, ரிஸ்லியின் வங்காள அளவுகளைத் திருத்தி ஆராயும் அவருடைய கட்டுரை வெளியானது. அதற்கு முன் 1927இல் வெளியான ஆய்வில், வங்காளப் பிராமணர்கள் பிற மாநிலப் பிராமணர்களைவிட வங்காளத்தின் மற்ற சாதியினரோடு உடலளவில் நெருங்கியிருப்பதாக அவர் கண்டிருந்தார்.

பல அளவுகளை ஒரே நேரத்தில் கொண்டு இரு குழுக்களுக்கு இடையே எவ்வளவு தொலைவு என்று கணக்கிட அவருக்கு ஒரு முறை தேவைப்பட்டது. உயரமும் கை நீளமும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. இரண்டையும் தனித்தனியாகக் கூட்டினால் ஒரே வேறுபாட்டை இருமுறை எண்ணியதாகிவிடும். இந்தத் தொடர்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் அளவை அவர் 1936இல் முழு வடிவில் வெளியிட்டார். இன்று அதற்கு மகலனோபிஸ் தொலைவு என்று பெயர். 1941இல் ஐக்கிய மாகாணங்களில் மானிடவியலாளர் டி. என். மஜும்தார் எடுத்த உடல் அளவுகளை மகலனோபிஸ், மஜும்தார், சி. ஆர். ராவ் மூவரும் இம்முறையில் ஆராய்ந்த நீண்ட கட்டுரை 1949இல் சங்க்யாவில் வெளியானது.

இங்கே கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது, இக்கட்டுரைகளில் தரவும் அதைச் சேகரித்த முறையும் அச்சிடப்பட்டன. அளந்த மானிடவியலாளரே உடன் ஆசிரியர். ஆகவே பிறர் மறுத்து எழுத வழி இருந்தது. இரண்டாவது, அந்தக் கணிதம் இன்றும் வாழ்கிறது. தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டிலும் செயற்கைக்கோள் படங்களை வகைப்படுத்துவதிலும் மகலனோபிஸ் தொலைவு பயன்படுகிறது. ஆனால் மனிதர்களைத் தலை, மூக்கு அளவுகளால் இனங்களாகப் பிரிக்கலாம் என்ற அன்றைய எடுகோளை மானிடவியல் கைவிட்டுவிட்டது. ஒரே கட்டுரையில் இருந்த சூத்திரம் நிலைத்தது. அது எதற்காக எழுதப்பட்டதோ அந்தக் கேள்வி நிலைக்கவில்லை.

1955: கைத்தறி ஓர் எண்ணாக

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு (1956–61) அடித்தளமாக அமைந்த மகலனோபிஸின் நீண்ட ஆய்வு 1955இல் சங்க்யாவில் வெளியானது. இதழின் ஆசிரியரும் அவரே. அதில் நாட்டின் பொருளாதாரம் நான்கு துறைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு துறைக்கும் இரண்டு எண்கள்: 100 ரூபாய் முதலீட்டுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் வருமானம், ஒருவருக்கு வேலை தரத் தேவையான முதலீடு.

1. இயந்திரம், இரும்பு போன்ற முதலீட்டுப் பொருள்கள்: வருமானம் 20 ரூபாய், ஒருவருக்கு 20,000 ரூபாய்.
2. ஆலைகளில் செய்யப்படும் நுகர்பொருள்கள்: வருமானம் 35 ரூபாய், ஒருவருக்கு 8,750 ரூபாய்.
3. வேளாண்மை, சிறுதொழில், வீட்டுத்தொழில்: வருமானம் 125 ரூபாய், ஒருவருக்கு 2,500 ரூபாய்.
4. சேவைகள்: வருமானம் 45 ரூபாய், ஒருவருக்கு 3,750 ரூபாய்.

கைத்தறி மூன்றாம் துறையில் அடங்கும். மொத்த முதலீடு சுமார் 5,600 கோடி ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்கு முதல் துறைக்கு என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு 5 சதவீத வருமான வளர்ச்சியும் ஐந்து ஆண்டில் 1 கோடியே 10 லட்சம் பேருக்கு வேலையும் கிடைக்குமாறு மீதி பகிரப்பட்டது. விடை: முதல் துறைக்கு 1,850 கோடி, ஆலை நுகர்பொருளுக்கு 980 கோடி, மூன்றாம் துறைக்கு 1,180 கோடி, சேவைகளுக்கு 1,600 கோடி. மூன்றாம் துறை மட்டும் 47 லட்சம் பேருக்கு வேலை தரும். இயந்திரத் தொழிலுக்குப் பெரும் பணம் போகும்போது மக்களுக்குத் தேவையான துணியையும் பிற பொருள்களையும் குறைந்த செலவில் கைத்தொழில்கள் தரும் என்பது திட்டத்தின் உள்ளக்கிடக்கை.

சமன்பாடுகளின் தீர்வு சரியானதே. மாணவர்கள் மேலே உள்ள எண்களைக் கொண்டு தாங்களே பெருக்கிப் பார்க்கலாம். 1,180 கோடியை 2,500ஆல் வகுத்தால் 47 லட்சம் வரும். ஆனால் அதே எண்களைக் கொண்டு இன்னொரு கணக்கும் போடலாம். ஆலைத் துறையிலிருந்து 100 கோடியை எடுத்து மூன்றாம் துறைக்கு மாற்றுவோம். வருமானத்தில் 35 கோடி போகும், 125 கோடி வரும். வேலையில் சுமார் 1 லட்சத்து 14 ஆயிரம் போகும், 4 லட்சம் வரும். இரண்டிலும் ஆதாயமே. அப்படியானால் ஆலைத் துறைக்கு ஏன் ஒரு ரூபாயாவது தர வேண்டும்? ஜப்பானியப் பொருளியலாளர் ரியூட்டாரோ கோமியா 1959இல் ஒரு பொருளியல் இதழில் இதைத்தான் எடுத்துக்காட்டினார். மாதிரியின் எண்களை அப்படியே ஏற்றாலும், மகலனோபிஸ் தந்த பகிர்வைவிட அதிக வருமானமும் அதிக வேலையும் தரும் பகிர்வுகள் இருந்தன.

மாதிரியில் இல்லாதது என்ன என்பதை நெசவுத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நெய்தால் மட்டும் போதாது. நூல் கிடைக்க வேண்டும், துணியை வாங்க ஆள் வேண்டும், ஆலைத் துணியோடு விலையில் ஈடுகொடுக்க வேண்டும். தேவை, மூலப்பொருள், சந்தை ஆகிய மூன்றுக்கும் அந்த நான்கு துறை மாதிரியில் சமன்பாடு கிடையாது. 125 என்ற எண் மட்டுமே இருந்தது.

மகலனோபிஸ் இதை அறியாதவர் அல்லர். தம் மாதிரிகள் கட்டடம் எழுந்ததும் பிரித்துவிட வேண்டிய சாரம் போன்றவை என்ற பொருளில் அவரே எழுதியிருக்கிறார். திட்ட வரைவும் மூடிய அறையில் முடிந்துவிடவில்லை. பொருளியலாளர் குழுவின் பார்வைக்குச் சென்றது, அதில் பி. ஆர். செனாய் 1955இல் மாறுபட்ட குறிப்பு எழுதினார். சி. என். வக்கீலும் பி. ஆர். பிரம்மானந்தாவும் 1956இல் வெளியிட்ட நூலில், உணவு, துணி போன்ற அன்றாடப் பொருள்களின் பற்றாக்குறையையே முதலில் தீர்க்க வேண்டும் என்று வாதிட்டனர். 1957இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோது திட்டத்தின் அளவைக் குறைக்க நேர்ந்தது.

கணிதச் சின்னங்கள் தரும் மதிப்பு: ஹன்டிங்டன் விவகாரம்

அமெரிக்க அரசியல் அறிஞர் சாமுவேல் ஹன்டிங்டன் 1968இல் வெளியிட்ட நூலில் மூன்று வகுத்தல் சமன்பாடுகள் உண்டு. சமூக எழுச்சியைப் பொருளாதார வளர்ச்சியால் வகுத்தால் சமூக விரக்தி. விரக்தியை முன்னேறும் வாய்ப்பால் வகுத்தால் அரசியல் பங்கேற்பு. பங்கேற்பை அரசியல் நிறுவனங்களின் வலுவால் வகுத்தால் அரசியல் நிலையின்மை.

இவற்றை எந்த அலகில் அளப்பது? கணிதவியலாளர் நீல் கோப்ளிட்ஸ் 1981இல் இதைக் கிண்டலாகச் சுட்டிக்காட்டினார். மூன்று சமன்பாடுகளையும் சேர்த்துப் பெருக்கினால், சமூக எழுச்சி என்பது மற்ற நான்கின் பெருக்கற்பலன் என்றாகும். அது உண்மையா என்று யாராவது அளந்து பார்த்தார்களா என்பது அவர் கேள்வி. 1986இல் ஹன்டிங்டனை அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்துக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கும் முன்மொழிவு வந்தபோது, கணிதவியலாளர் செர்ஜ் லாங் கடுமையாக எதிர்த்தார். 1986இலும் 1987இலும் முன்மொழிவு தோற்றது. 1988இல் தி மேத்தமேட்டிக்கல் இன்டெலிஜென்சர் இதழ் கோப்ளிட்ஸின் கட்டுரையையும், ஹன்டிங்டன் பக்கம் நின்ற ஹெர்பர்ட் சைமனின் மறுப்பையும் ஒரே இதழில் வெளியிட்டது. துல்லியமாக அளக்க முடியாவிட்டாலும் கூடுதல், குறைவு என்று வரிசைப்படுத்த முடிந்த பொருள்களைப் பற்றிக் கணித முறையில் சிந்திக்கலாம் என்பது சைமனின் வாதம்.

இந்த விவகாரத்தில் கணித இதழ் நல்ல மேடையாக அமைந்தது. இரு தரப்பும் பெயரோடு எழுதின. வாசகர் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

ஹில் கட்டுரை, 2017

ஆண்களிடையே பல பண்புகளில் பரவல் அதிகம் என்ற கருதுகோள் பழையது. சார்லஸ் டார்வின் 1871இல் இதைப் பேசினார். ஹேவ்லாக் எல்லிஸ் 1894இல் வலியுறுத்தினார். கார்ல் பியர்சன் 1897இல் தரவுகளோடு மறுத்தார். 1914இல் லீட்டா ஹாலிங்வொர்த்தும் ஹெலன் மான்டேகும் ஆயிரம் ஆண், ஆயிரம் பெண் சிசுக்களின் பிறப்பு அளவுகளை ஒப்பிட்டு, ஆண்களிடம் கூடுதல் பரவல் இல்லை என்றனர். அறிவுத்திறனிலும் இக்கருதுகோள் உண்மையானால் உச்சத்தில் ஆண்கள் மிகுந்திருப்பது இயல்பு என்று ஒருவர் வாதிட முடியும். ஆகவே கணிதத் துறைக்கு வர விரும்பும் பெண்களுக்கு இது ஏட்டுக் கேள்வி மட்டும் அல்ல.

ஜார்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் தியோடர் ஹில், செர்கெய் தபாச்னிக்கோவுடன் சேர்ந்து இதற்கு ஒரு பரிணாம மாதிரி எழுதினார். அதன் கரு மேலே தறிக்கூடத்தில் பார்த்ததே. ஒரு பாலினம் துணையைத் தேர்வதில் கடுமையாக இருந்தால், மற்றப் பாலினத்தில் பரவல் மிகுந்த குழு தலைமுறைகள்தோறும் பெருகும். தேர்வு தாராளமாக இருந்தால் பரவல் குறைந்த குழு பெருகும்.

2017 ஏப்ரலில் தி மேத்தமேட்டிக்கல் இன்டெலிஜென்சர் இதழின் முதன்மை ஆசிரியர் மார்ஜரி செனெசல் கட்டுரையை ஏற்றார். எதிர்ப்புகள் வந்தன. தபாச்னிக்கோவ் தம் பெயரை விலக்கிக்கொண்டார். செப்டம்பரில் இதழ் தன் ஏற்பைத் திரும்பப் பெற்றது. பிறகு நியூயார்க் ஜர்னல் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ் என்னும் மின்னிதழின் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த இகோர் ரிவின் கட்டுரையை அழைத்து வாங்க, 2017 நவம்பரில் அது வெளியானது. ஒருசில நாள்களில் நீக்கப்பட்டது. அதே பக்க எண்களில் வேறொரு கட்டுரை வைக்கப்பட்டது. முறையான திரும்பப் பெறுதல் அறிவிப்பு எதுவும் அந்த இடத்தில் இல்லை.

2018 செப்டம்பரில் ஹில் தம் தரப்பை விரிவாக எழுதினார். கருத்து பிடிக்காததால் கணிதம் அழிக்கப்பட்டது என்பது அவர் குற்றச்சாட்டு. அவரால் பெயர் குறிப்பிடப்பட்ட சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஏமி வில்கின்சன், இரண்டாவது இதழின் முடிவுகளில் தமக்குப் பங்கில்லை என்று மறுத்தார். அந்த இதழின் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த பென்சன் ஃபார்ப், கட்டுரை இதழின் வழக்கமான நடைமுறைப்படி ஆராயப்படவில்லை என்று விளக்கினார். ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற திமோத்தி கோவர்ஸ் கட்டுரையையே எடுத்து ஆராய்ந்து, மாதிரியின் எடுகோள்கள் உயிரியல் நடப்புக்குப் பொருத்தமாக இல்லை என்று எழுதினார். ஹில்லின் திருத்திய கட்டுரை 2020இல் ஜர்னல் ஆஃப் இன்டர்டிசிப்ளினரி மேத்தமேட்டிக்ஸ் இதழில் வெளியானது.

இந்த விவகாரத்தில் இரு வேறு பிழைகள் கலந்து கிடக்கின்றன. பரிணாமம் பற்றிய மாதிரியைப் பரிணாம உயிரியலாளர் படிக்கும் இதழுக்கு அனுப்பாமல் கணித இதழுக்கு அனுப்பினால், 'இவை உண்மையானால்' என்ற பகுதி சோதிக்கப்படாமலே போகும். இது ஒரு பிழை. வெளியிட்டதைச் சுவடில்லாமல் நீக்குவது இன்னொரு பிழை. கட்டுரை தவறு என்றால் மறுப்பு எழுதலாம். நடைமுறை தவறு என்றால் காரணம் கூறித் திரும்பப் பெறலாம். காணாமல் போன கட்டுரையை யாரும் மறுக்க முடியாது. அதனால் மாதிரியின் குறைகளைப் பேச வேண்டிய இடத்தில், நீக்கம் பற்றிய பேச்சே ஓங்கியது.

அதே கேள்வி, தரவுகளோடு

இதே பரவல் கருதுகோளைப் பற்றி ஜோனதன் கேன், ஜேனட் மெர்ட்ஸ் இருவரும் எழுதிய கட்டுரை 2012 ஜனவரியில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் நோட்டீசஸ் இதழில் வெளியாகியிருந்தது. அவர்கள் மாதிரி எதையும் கட்டவில்லை. பல நாடுகளில் நடந்த பன்னாட்டுப் பள்ளித் தேர்வுகளின் கணித மதிப்பெண்களை எடுத்து, சிறுவர், சிறுமியரின் பரவலை ஒப்பிட்டனர். சில நாடுகளில் சிறுவர்களின் பரவல் அதிகம். சிலவற்றில் ஏறத்தாழ சமம். நாட்டுக்கு நாடு மாறுவதை மாறாத உயிரியல் விதி என்று கொள்ள முடியாது என்பது அவர்கள் வாதம். இதையும் மறுக்க விரும்புவோர் மறுக்கலாம். அந்தத் தேர்வுகளின் மதிப்பெண்கள் பொதுவில் உள்ளன.

ஆகவே கணித இதழில் சமூகப் பொருள் வரக் கூடாது என்பது சரியான விதி ஆகாது. அதே நோட்டீசஸ் இதழ் கருத்துரைகளையும் வெளியிடுகிறது. 2019 டிசம்பரில், பல்கலைக்கழக வேலைக்கு விண்ணப்பிப்போரிடம் பன்மைத்தன்மை அறிக்கை கேட்பதை எதிர்த்து அபிகேல் தாம்சன் எழுதியதும், ஆதரித்தும் எதிர்த்தும் நூற்றுக்கணக்கானோர் கையெழுத்திட்ட கடிதங்கள் வந்தன. அங்கே குழப்பம் குறைவு. எழுதப்பட்டது கருத்து என்பது தலைப்பிலேயே தெரிந்தது. யாரும் அதைத் தேற்றம் என்று எண்ணவில்லை.

இரு தரப்பு வாதங்கள்

வெளியிடலாம் என்போர் கூறுவன: கணிதம் சமூகத்தைப் பற்றிப் பேசவில்லை என்றால் வேறு எவரும் எண்களைச் சரியாகக் கையாளுகிறார்களா என்று பார்ப்பவர் இருக்க மாட்டார்; மகலனோபிஸ் தொலைவு போன்ற முறைகள் சமூகக் கேள்விகளிலிருந்தே பிறந்தன; பிடிக்காத முடிவு என்பதற்காக ஒரு கட்டுரையைத் தடுப்பது ஆய்வுக்கு ஆபத்து.

கூடாது, அல்லது கூடுதல் சோதனை வேண்டும் என்போர் கூறுவன: கணித இதழின் முத்திரை வாசகரிடம் நிரூபிக்கப்பட்ட உண்மை என்ற எண்ணத்தை உண்டாக்குகிறது, அந்த முத்திரை எடுகோள்களுக்கு உரியதல்ல, தவறு நேர்ந்தால் அதைச் சுமப்பவர்கள் கட்டுரை எழுதியவர்கள் அல்லர், அதில் எண்ணப்பட்டவர்கள்.

இரு தரப்பும் சேர்ந்து ஏற்கக்கூடிய நடைமுறைகள் சில உள்ளன. கட்டுரையை ஒரு கணிதவியலாளரும் அந்தச் சமூகத் துறை அறிந்த ஒருவரும் தனித்தனியே மதிப்பிடுவது. தரவைத் திறந்து வைப்பது. சர்ச்சைக்குரிய கட்டுரையோடு மறுப்பையும் அதே இதழில் அச்சிடுவது. நீக்க நேர்ந்தால் காரணத்தை அதே பக்கத்தில் எழுதி வைப்பது. 1988இல் கோப்ளிட்ஸ், சைமன் இருவரையும் அடுத்தடுத்து அச்சிட்டபோது பின்பற்றப்பட்டது இவற்றில் ஒன்றே. 2017இல் அதே இதழுக்கு அந்த வழி திறந்தே இருந்தது.

மாணவர்கள் படிக்கும்போது கவனிக்க வேண்டியவை

செய்தித்தாளிலோ பாடநூலிலோ 'கணித முறையில் நிரூபிக்கப்பட்டது' என்று மனிதர்களைப் பற்றிய ஒரு கூற்று வந்தால் கீழ்க்காணும் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. நிரூபிக்கப்பட்டது எது? எடுகோளிலிருந்து முடிவு வருவதா, அல்லது எடுகோளேவா?
2. கட்டுரையில் உள்ள எண்களை யார், எங்கே, எப்படி அளந்தார்கள்?
3. கூற்றில் வரும் பொருளுக்கு அலகு உண்டா? மூக்குக்கு மில்லிமீட்டர் உண்டு. சமூக விரக்திக்கு என்ன அலகு?
4. மாதிரியில் விடுபட்டது என்ன? கைத்தறிக் கணக்கில் நூலும் சந்தையும் விடுபட்டது போல.
5. அந்தக் கூற்று யாரைப் பற்றியதோ, அவர்களையோ அவர்களை நன்கு அறிந்த துறையினரையோ யாராவது கேட்டார்களா?

இவற்றில் எதற்கும் உயர்கணிதம் தேவையில்லை. கோமியா 1959இல் காட்டியதைப் பத்தாம் வகுப்பு மாணவர் பெருக்கல், வகுத்தல் கொண்டு செய்து பார்த்துவிடலாம். மேலே தரப்பட்ட நான்கு துறைகளின் எண்களில் சேவைத் துறையிலிருந்து 100 கோடியை மூன்றாம் துறைக்கு மாற்றினால் வருமானமும் வேலையும் எவ்வளவு கூடும் என்பதை மாணவர்கள் பயிற்சியாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பிறகு, அவ்வளவு துணியையும் யார் வாங்குவார்கள் என்று பக்கத்துத் தறியில் இருப்பவரைக் கேட்கலாம்.